செம்மண் நிற்கும் என்றேன்

12.10.2014, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். நெட் மோடத்தில் சிவப்பு விளக்கு. காலை ஒன்பதுக்கே எக்ஸ்சேஞ்சுக்குப் போன். லைன்மேன் பதினொன்றரைக்கு வந்து கம்பத்தடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்பு. தட்டிவிட்டு, ஒயரைத் துடைத்துச் சுற்றி, “மழை வுட்டாதான் சார் நெட்டு நிக்கும்” என்றார். இந்த ஊரில் மழை விட தை பிறக்க வேண்டும்.

அதற்குள் சரோஜா ஐம்பது தடவை: “நாலு மணிக்குள்ள வந்துடுமாங்க?” ஞாயிறு நாலு மணிக்குத்தான் பையன் பிரபு வீடியோவில் வருவான். உகாண்டாவில் அப்போது ஒன்றரை, சாப்பாட்டு நேரம். போய் ஏழு மாதம். டிப்ளமா முடித்து இங்கே நான் இருக்கும் நிலக்கரி மைன்ஸிலேயே ஐந்து வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவன். பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆகவில்லை. இப்போது அங்கே கேபிள் புதைக்கும் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர்.

நெட் வந்தது. படம் கட்டம் கட்டமாக. இளைத்த மாதிரி தெரிந்தான். சரோஜா: “சாப்டியா, என்னா சாப்ட?” அவன்: “மக்காச்சோளக் களி, பீன்ஸ்மா.” போன வாரமும் இதேதான்.

செக்‌ஷனில் எல்லாரும் கேட்கிறார்கள், ஆப்பிரிக்காவில் உன் பையன் அப்படி என்ன செய்கிறான் என்று. ஒவ்வொரு தடவையும் உளறுகிறேன். அதனால் கேட்டு எழுதிக்கொண்டது:

– கடலுக்கடியில் வரும் கேபிள் கென்யா கரையில் ஏறும். அங்கிருந்து ரோட்டோரமாகவே கம்பாலா. கம்பாலாவிலிருந்து ஊர் ஊராக. பள்ளம், அதில் குழாய், குழாய்க்குள் கண்ணாடி நூல். பிரபு இருப்பது வடக்குப் பக்கம், சின்ன ஊர்.
– முன்பு சாட்டிலைட் டிஷ்தான். ஒரு போட்டோ இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். பெரிய ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.
– இப்போது எல்லார் கையிலும் போன். மாடு விற்கிறவன்கூட சந்தை விலையைப் போனில் பார்க்க ஆசைப்படுகிறான். நெட் எப்போது வரும் என்று இவனைத்தான் நிறுத்திக் கேட்கிறார்களாம்.
– கம்பெனிகளுக்குள் போட்டி. ஒருத்தன் போட்ட கேபிளை இன்னொருத்தனுக்குத் தரமாட்டான். ஒரே ரோட்டை ஆளாளுக்குத் தோண்டி மூடுகிறார்கள்.

கடைசியதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். நம் பிளாக்கில் தண்ணீர்க் குழாய்க்காரன் மூடிய மறுநாள் டெலிபோன்காரன் தோண்டவில்லையா?

அவனுடைய கேங் ஆள் ஒருத்தன் திரைக்குள் தலையை நீட்டினான். பெயர் ஒக்கெல்லோ. முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி “முஸே!” என்றான். பெரியவர்களை அங்கே அப்படிக் கூப்பிடுவார்களாம். தோண்டுவதில் கெட்டிக்காரன் என்றான் பிரபு. தோண்டுகிறவன் என்றால் எனக்கு உடனே பிடித்துவிடும்.

தீபாவளிக்கு லீவு இல்லை. சரோஜா போனை வைத்த பிறகுதான் அழுதாள்.

13.10, திங்கள்

முதல் ஷிப்ட். மழை விட்டு விட்டு. மைன்ஸில் படிபடியாக வெட்டி இறங்கும் பெஞ்சுகளில் இரண்டாவதில் தண்ணீர் கட்டிவிட்டது. பம்ப் இறக்கக் குழி எடுக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள், புது இன்ஜினியர் யோசிக்கிறார். ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

இறங்கினேன். ஒரு பிடி மண் எடுத்து, எச்சில் விட்டுப் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் அழுத்தினேன். உடையவில்லை. “எடுங்க, நிக்கும்” என்றேன். நின்றது.

கம்மாபுரத்து வரதராசு எல்லார் காதிலும் விழும்படி, “அண்ணன் சொன்னா மண்ணு கேக்கும்யா” என்றான். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அள்ளுகிற ஓ.பி. செக்‌ஷனில் எனக்கு முப்பத்தொரு வருஷம். இந்த மரியாதை வீட்டில் கிடைக்காது. பெருமையாகத்தான் இருந்தது. எதற்குப் பொய் எழுத வேண்டும்.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், மோட்டார் வாஷர், இருமல் மருந்து, சரோஜாவுக்குக் கொலுசுத் திருகாணி.

15.10, புதன்

வெயில். துணி காய்ந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சரோஜா அடுத்த வீட்டம்மாவோடு பண்ருட்டிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். தட்டில் மூடி வைத்த சோறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரபு. கிழமை தப்பி வந்திருக்கிறானே என்று கை கழுவாமலே எடுத்தேன்.

ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான். ரோட்டுக்கு அடியில் குழாய் தள்ள வேண்டும். அதற்கு இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி. பக்கம் சரியாமல் இருக்க முட்டுப் பலகை கட்டித்தான் ஆளை இறக்க வேண்டும், அது விதி. பலகை வரும் லாரி வழியில் பழுது, இரண்டு மூன்று நாள் ஆகும். மேனேஜர் போனில், “எப்படியாவது முடி, மாசக் கடைசியில் திறப்பு விழா, மந்திரி வருகிறார்” என்கிறாராம்.

“ப்பா, இந்த மண்ணக் கொஞ்சம் பாருங்களேன். பலகை இல்லாம நிக்குமா?”

போனைக் குழி எடுக்கும் இடத்துக்கு நேரே காட்டினான். கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் சிவப்பு. நல்ல சிவப்பு. முத்தாண்டிக்குப்பம் முந்திரித் தோப்பு மண்ணேதான். சரோஜா ஊர் மண் எனக்குத் தெரியாதா?

“கிட்டக் காட்டு… சரளை இருக்கா?”

“இருக்கு ப்பா.”

“மழை பேஞ்சிதா?”

“முந்தாநேத்து. இன்னைக்கு நல்ல வெயில்.”

“செம்மண்ணுடா அது. சரளை வேற கலந்திருக்கு. செவுரு மாதிரி நிக்கும். பலகை வரட்டும் பலகை வரட்டும்னு ஒக்காந்துகினு இருக்காத. எடு.”

“நிஜமாவா ப்பா? ஒக்கெல்லோ கொஞ்சம் பயப்படறான்.”

“மண்ணப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?”

சிரித்தான். “சரி ப்பா, நாளைக்கு எடுக்க ஆரம்பிக்கறேன்” என்று வைத்துவிட்டான்.

இருபத்தெட்டு வயதில் என்னிடம் தொழில் விஷயம் கேட்டது இன்றுதான். மீதிச் சோறு இறங்கவே இல்லை, சந்தோஷத்தில். சரோஜா வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் பை பையாகப் பிரித்துக் காட்டியதில் மறந்துபோனது.

17.10, வெள்ளி

கன மழை. குவார்ட்டர்ஸ் பின்னறையில் ஒழுகல், வாளி வைத்தோம்.

மதியம் மூன்று மணிக்குப் பிரபு. குரல் மட்டும். மூச்சு வாங்கியது.

“வுழுந்துடுச்சு ப்பா.”

“என்னா?”

“ஒரு பக்கம் அப்படியே… ஒக்கெல்லோ உள்ள இருந்தான் ப்பா. கையாலயே நோண்டினோம். எடுத்துட்டோம். ஆனா…”

யாரோ கத்துகிற சத்தம். கட்.

சரோஜா ஈரக் கையோடு வந்து, “யாரு, பிரபுவா? ஏன் வச்சிட்டான்?” என்றாள். சிக்னல் இல்லை என்றேன்.

18.10, சனி

வீக்லி ஆஃப். மழை நிற்கவில்லை.

காலை பதினொன்றுக்கு அவனே கூப்பிட்டான். சரோஜா ரேஷனுக்குப் போயிருந்தாள், நல்லவேளை. ஒக்கெல்லோ செத்துவிட்டான். வெளியே எடுக்கும்போதே மூச்சு இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். மனைவி வயல் வேலை.

விழுந்த மண்ணுக்குள் நீலக் குழாய்த் துண்டு கிடந்ததாம், மஞ்சள் நாடாவும். போன வருஷம் வேறு ஒரு கம்பெனி தோண்டிக் கேபிள் போட்டு மூடிய இடம். மேலே ரோலர் ஓட்டிப் புல்லும் முளைத்துவிட்டதால் இவனுக்குத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு இந்த நோட்டைத் திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை, என் கையெழுத்து: ஒரே ரோட்டை ஆளாளுக்குத் தோண்டி மூடுகிறார்கள். பக்கத்திலேயே சிரித்தேன் என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

கொட்டின மண் நிற்காது. மைன்ஸில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். கன்னி மண் சுவர் மாதிரி நிற்கும், ஒரு தடவை எடுத்துக் கொட்டியது எத்தனை வருஷம் ஆனாலும் இறங்கும். கையில் எடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பிசைந்தால் உதிரும். முப்பத்தொரு வருஷத்தில் கையில் எடுக்காமல் ஒரு குழிக்கும் நான் வாய் திறந்ததில்லை. இந்த ஒன்றுக்குத் திறந்தேன். பிள்ளை கேட்டுவிட்டான் என்ற மப்பு.

இங்கே முன்பு யாராவது தோண்டினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மழை பெய்ததா என்று மட்டும் கேட்டேன்.

20.10, திங்கள்

இரண்டாம் ஷிப்ட். தண்ணீர் இன்னும் வடியவில்லை. இன்ஜினியர் மறுபடி ஆள் விட்டார், அதே பெஞ்சில் இன்னொரு குழி. போகவில்லை. வரதராசு வந்து, “இன்னாண்ணே, ஒரு கை பாத்து சொல்லிட்டு வந்துடேன், ஆளுங்க நின்னுகினு இருக்காங்க” என்றான். “பலகை கட்டச் சொல்லு” என்றேன். “இதுக்குப் போய் பலகையா?” என்று சிரித்தான். கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன். அவன் மைன்ஸுக்கு நிலம் போய் கான்ட்ராக்டில் கிடக்கிறவன், என்னைத் திருப்பித் திட்ட முடியாது. அது தெரிந்தே திட்டினேன்.

சட்டை தைக்கக் கொடுத்தது வரவில்லை. வேண்டியதும் இல்லை.

22.10, புதன். தீபாவளி

ஊரெல்லாம் வெடி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், நேற்றுத் தைத்து வந்த புதுச் சட்டையைப் போடவில்லை. சரோஜா ஏன் என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் பாதி சொன்னேன்: சைட்டில் விபத்து, ஒரு ஆள் இறந்துவிட்டான், பிரபுவுக்கு அடி இல்லை.

காலை பத்தரைக்கு அவனே போன் செய்து போலீஸ் விஷயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டான். பாஸ்போர்ட்டைப் போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது. பலகை இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்ற காகிதத்தில் பிரபுவின் கையெழுத்து இருக்கிறது. மேனேஜர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். எப்படியாவது முடி என்று போனில் சொன்னதற்குக் காகிதம் எங்கே? கேஸ் முடியும்வரை ஊரை விட்டு நகரக் கூடாது.

சரோஜா வாணலியை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் தானா செய்யறவன் இல்லீங்க. ஒரு செருப்பு வாங்கறதுன்னாகூட நாலு பேரக் கேட்டுகினுதான் வாங்குவான். எந்தப் பாவியோ சொல்லிகிறான், தோண்டுடான்னு.”

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். கையில் அவள் கொடுத்த முறுக்கு. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெளியே சரவெடி, அது முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. சொல்லவில்லை.

26.10, ஞாயிறு

மேகமூட்டம். சரோஜா கோவிலுக்குப் போன நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன்.

“நான்தான் சொன்னேன்னு போலீஸ்ல சொல்லிடு பிரபு. அப்பா மைன்ஸ்ல போர்மேன், அவரு சொன்னாருன்னு சொல்லு.”

“சொன்னா? சைட் சூப்பர்வைசர் ஊருக்குப் போன் போட்டு அப்பாவக் கேட்டுகினு குழி எடுத்தான்னு எழுதுவாங்க. அது எனக்கு இன்னும் அசிங்கம் ப்பா.”

“அசிங்கமா இப்ப முக்கியம்?”

“அம்மாவுக்குத் தெரிய வேணாம். நீங்க விடுங்க. நான்தானே அங்க நின்னேன்.”

எனக்காகச் சொல்கிறானா, தனக்காகச் சொல்கிறானா, தெரியவில்லை. இரண்டும் இருக்கும். வைத்த பிறகு உடம்பு லேசானது போல இருந்தது. அதுதான் என் யோக்கியதை.

30.10, வியாழன்

முதல் ஷிப்ட். இருமல் அதிகம்.

அந்த ஊருக்கு இன்று நெட் வந்துவிட்டதாம். வேறு சூப்பர்வைசரை வைத்துக் குழியை முடித்தார்கள். பலகை கட்டி. பந்தல், ரிப்பன், மந்திரி. பிரபு லாட்ஜ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பாடச் சொன்னார்களாம். ஜனமெல்லாம் ரோட்டிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம், ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் காட்டி.

ஒக்கெல்லோ பெயரை யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றான்.

4.11, செவ்வாய்

மழை. பஸ் லேட், நனைந்தேன்.

பிரபுவை அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரர் சென்னையிலிருந்து போன். “கேஸ் இழுக்கும் சார், ஒத்துழைங்க.” எதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டேன், வைத்துவிட்டார்.

பிரபு வேறு ஒன்று சொன்னான். ஒக்கெல்லோ வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள். சாவுக்குக் காரணமானவன் அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். அவர்கள் மனம் ஆறினால் போலீஸில் அவர்களே ஒரு வார்த்தை சொல்வார்களாம், இவனை விடலாம் என்று. ஆனால் தனியாக வரக் கூடாது. அவன் பக்கத்துப் பெரியவர்களும் கூட வர வேண்டும்.

“நான் எங்க போவேன் பெரியவங்களுக்கு? வீடியோல வந்தா போதும்னு ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் அம்மாவும் வந்து ஒக்காருங்க. பேச வேணாம் ப்பா. சும்மா இருந்தா போதும்.”

பேச வேண்டாம் என்பதை இரண்டு தடவை சொன்னான்.

9.11, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மழை இல்லை. மூன்றரைக்கே முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். சரோஜா பட்டுப் புடவை எடுத்து, பிறகு வேண்டாம் என்று பழசையே கட்டிக்கொண்டாள். நான் வெள்ளைச் சட்டை. நெட் எங்காவது போய்த் தொலையாதா என்று ஒரு ஓரமாக ஆசை. வெட்கமாக இருக்கிறது எழுத.

நாலு மணிக்கு வந்தது. இத்தனை மாதத்தில் இப்படித் தெளிவாகப் படம் பார்த்ததில்லை. அந்தப் புதுக் கேபிள் வழியாக வருகிறது. மாமரம், அதன் அடியில் பெஞ்சுகள், ஒரு ஆடு, இருபது முப்பது பேர். நடுவில் பிரபு தரையில் உட்கார்ந்திருந்தான். போனை யாரோ ஸ்டூல் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒக்கெல்லோவின் அண்ணன் பள்ளி ஆசிரியர், கோட்டு போட்டிருந்தார், அவருக்கு இங்கிலீஷ் தெரியும். பக்கத்தில் ஒக்கெல்லோ மனைவி. மடியில் சின்னது. கண் இமைப்பதுகூடத் தெரிந்தது.

பிரபு இங்கிலீஷில் சொன்னான், அண்ணன் அவர்கள் பாஷையில் சொன்னார். நான் பார்த்தேன், நான் முடிவு செய்தேன், என் தப்பு. சேஃப்டி மீட்டிங் கேட்டுக் கேட்டு அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் பிடிபடும்.

பிறகு அந்த அண்ணன் என் பக்கம் திரும்பினார். நிதானமாகக் கேட்டார். உங்கள் பிள்ளை நல்லவன், என் தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். மண் தெரிந்தவன் என்று தம்பி சொல்வான். இந்த மண் மட்டும் ஏன் தெரியாமல் போனது?

பிரபு என்னைப் பார்த்தான். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தான்.

நான் தமிழில் சொல்லிவிட்டேன். “அவனுக்குத் தெரியலீங்க. அதான் எங்கிட்ட கேட்டான். நான் இங்க ஒக்காந்துகினு போன்ல பாத்துட்டு, நிக்கும், எடுன்னு சொன்னேன். உங்க தம்பி பயந்திருக்காரு, அதையும் எங்கிட்ட சொன்னான். நான் கேக்கல. பலகை வர்றவரைக்கும் இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பான். என் வாய்தாங்க காரணம்.”

பக்கத்தில் சரோஜாவின் வளையல் சத்தம் ஒரு தடவை. அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

பிரபு அந்த அண்ணன் பக்கம் திரும்பினான். இங்கிலீஷில் சொன்னான்: மை ஃபாதர் இஸ் வெரி ஸாரி. ஹி இஸ் ப்ரேயிங் ஃபார் யுவர் ஃபேமிலி. அவ்வளவுதான்.

அண்ணன் அதை அவர்கள் பாஷையில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து ஏதோ சொன்னாள். நன்றியாகத்தான் இருக்க வேண்டும்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்தே விட்டேன். “நோ. நோ. ஐ டோல்ட். ஐ டோல்ட் மை சன், டிக்.” தோண்டு என்று நான்தான் சொன்னேன் என்று.

அந்த அண்ணன் போனுக்குக் கிட்டே வந்தார். முகம் திரை முழுக்க. “அப்பா, வேணாம்” என்ற குரல். ஒரு கை. இருட்டு.

லைன் போகவில்லை. பிரபுதான் வைத்துவிட்டான்.

சரோஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பிரபுவைத் தவிர, நான் சொன்னது முழுசாகப் புரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அழவில்லை, திட்டவில்லை. காலித் திரையைக் காட்டிக் கேட்டாள்: “அவன் அவங்ககிட்ட வேற என்னாவோ சொன்னான், இல்ல?”

ஆமாம் என்றேன்.

“அந்தப் பொண்ணு உங்களக் கும்புட்டுதே. அப்படியே வுட்டுட்டுப் போவீங்களா? திரும்பப் போடுங்க.”

போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மூன்று தடவை ஆகிவிட்டது. இதை எழுதும்போது நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. “இன்னும் ஒரு தடவை” என்கிறாள். போடுகிறேன்.